புளுகர் சுட்ட துவக்கு

ரொறொன்ரோவில் இருக்கும் அத்தனை தமிழரிலும் பனியை ஒருநாள்கூடத் திட்டாத மனிதர் ஒரேயொருவர்தான். எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் புளுகர் என்று பெயர். இத்தனைக்கும் அவர் பனியைக் கண்ணால் கண்டதே இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்தபோதே, இருபது வயதுக்குள், இரண்டு கண் பார்வையும் முழுதாகப் போய்விட்டது.

வீட்டு ஹீற்றர் பழுதானால் சனம் போன் எடுத்துத் திட்டுகிற அலுவலகம் எங்களுடையது. அவர் வந்து சேர்ந்த முதல் நாள், பக்கத்துக் கதிரைக்காரி என்ற முறையில் விசாரித்தேன்.

"லீவு நாளில என்ன செய்யிறனீங்கள் அண்ணை?"

"ஸ்னோவில சறுக்கிக்கொண்டு போய்த் துவக்குச் சுடுறனான்."

பெயர் அன்றைக்கே விழுந்துவிட்டது.

லிஃப்ற் இருக்கத்தக்கதாக ஆறு மாடியும் படியில் ஓடி வருவார். கதிரையில் விழுந்து, கழுத்தில் இரண்டு விரலை வைத்து நாடி பார்ப்பார். பிறகு, அப்போதுதான் நித்திரையால் எழும்பியவர்போலச் சாந்தமாகப் போனை எடுப்பார். "என்ன அண்ணை, நாய் துரத்தினதோ?" என்று கேட்டேன். "ஓடின நெஞ்சு அடங்கினாத்தான் தங்கச்சி குறி தப்பாது" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை உறையில் சுற்றிய ஸ்கீ சறுக்குப் பலகைகளோடு மோர்னிங்சைட் பஸ்ஸில் ஏறினார். ஒரு அன்ரி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, உது யன்னலுக்குத் திரை போடுற கம்பியோ?" என்றார். "ஓம் அன்ரி. வீடுதான் இன்னும் வாங்கேல்லை" என்றார் புளுகர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

எனக்கோ ஆவல் தாங்கவில்லை. கண் தெரியாதவர் எப்படிச் சுடுவார்? ஒரு சனிக்கிழமை, நகருக்கு வடக்கே அவர் பழகும் இடத்துக்கு நானும் போனேன். துவக்கில் குண்டு இல்லை, ஒளிக்கதிர்தான். காதில் ஒரு ஹெட்போன். துவக்கின் வாய் இலக்கை நெருங்க நெருங்கச் சத்தம் கீச்சென்று ஏறும். உச்சத்தில் நிற்கும்போது விசையை இழுக்க வேண்டும். இரண்டு கண்ணும் உள்ள நான் ஐந்து சூட்டையும் கோட்டை விட்டேன். இரண்டு கிலோமீற்றர் ஓடி வந்து படுத்த புளுகருக்கு ஐந்தும் பட்டது.

"அப்ப நீங்கள் புளுகேல்லை!" என்றேன்.

"அது எனக்கு முதலே தெரியும்" என்றார்.

சறுக்கி ஓடிச் சுடும் இந்தப் பந்தயத்தில் அவருக்கு முன்னால் ஒருவர் சறுக்கிக்கொண்டே வழி சொல்ல வேண்டும்: இடம், வலம், இறக்கம், வளைவு. இடுப்பில் கட்டிய ஒலிபெருக்கியில் அந்தக் குரல் பின்னால் வருபவருக்குக் கேட்கும். அந்த வருடம் அவருக்கு வழி சொன்னவர் வேலை கிடைத்து வேறு மாகாணத்துக்குப் போய்விட்டார். வழிகாட்டி இல்லாவிட்டால் பந்தயமே இல்லை. புளுகர் என்னிடம் வந்தார்.

"அண்ணை, எனக்குச் சறுக்கத் தெரியாது."

"சறுக்கப் பழக்கலாம். உம்மைப்போல மூச்சு விடாமக் கதைக்க ஒருத்தருக்கும் பழக்கேலாது."

இரண்டு குளிர்காலம் விழுந்து எழும்பினேன். பிறகு தேசிய அணிக்கு ஆள் எடுக்கும் பந்தயம் வந்தது. முதல் சுற்று அமோகம். இரண்டாம் சுற்றில் ஒரு ஏற்றம் ஏறி முடித்தபோது எனக்கு மூச்சு முட்டியது. எதிரே இறக்கம், அதற்கப்பால் வளைவு. 'வலம்' என்று சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. பின்னால் தடாரென்று ஒரு சத்தம். புளுகர் பாதையோரப் பற்றைச் செடிக்குள் கிடந்தார். உதட்டில் இரத்தம்.

"ஐயோ அண்ணை!"

"ஆ, குரல் வந்திட்டுது" என்றார், பனியைத் துப்பிக்கொண்டே. "எழும்பியாச்சு. கதையும், கதையும்!"

என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. இடம் வலத்துக்கு நடுவில் எங்கள் அலுவலக மனேஜருடைய கல்யாணச் சண்டையும் வந்ததாம். அவர் சிரித்துக்கொண்டே ஓடினார். படுத்துச் சுட்ட கடைசி ஐந்தும் பட்டது. ஆனால் பற்றைக்குள் போன நேரம் திரும்பி வரவில்லை. அணியில் இடம் கிடைக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"வேறை ஆளைப் பிடியுங்கோ அண்ணை."

"ஏன், நீர் களைச்சுப் போனீரோ?"

"இல்லை. நான் இருந்தா நீங்கள் அணிக்குள்ளை போகமாட்டியள்."

அவர் ஸ்கீ உறையின் வாரை அவிழ்த்து மறுபடி கட்டினார். பிறகு, "சரி" என்றார், அரை மனதாக. ஆளையும் நானே தேடினேன். ஸ்ரௌவ்வில் என்ற ஊர்ப் பக்கத்துத் தபால்காரர் ஒருவர். வேட்டை நாய்போல ஓடுவார், தேவைக்கு மேல் ஒரு சொல் வராது. அடுத்த குளிர்காலத்தில் புளுகர் அணிக்குள் போனார். ஐரோப்பாவில் நடந்த பந்தயத்தில் ஏழாவதாக வந்தார். சுட்டதில் ஒன்றும் தப்பவில்லை.

அன்று பின்னேரமே அங்கிருந்து போன் எடுத்தார்.

"தங்கச்சி, கொம்பியூட்டரில பாத்தனீரோ?"

"ஓம் அண்ணை, முழுக்கப் பாத்தன்" என்றேன்.

பார்க்கவில்லை. கடைசிச் சூட்டுக்கு அவர் படுத்ததும் நான் கண்ணை இறுக்கி மூடினவள்தான்; அலுவலகத்தில் எல்லோரும் கை தட்டும்வரை திறக்கவில்லை.