கேள்வி கேட்ட கிளிமீன்

பெனாயா அந்தச் சபதத்தைச் செய்தபோது அவனுடைய நாக்கு மரத்துப் போயிருந்தது. யங்கோனா வேரைக் கரைத்துக் குடித்தால் அப்படித்தான். முதலில் உதடு போகும், அப்புறம் நாக்கு, அதற்கப்புறம் கவலை. கவலை போன பிறகு நாமுவா கிராமத்து ஆண்கள் செய்யாத சபதம் கிடையாது.

"வியாழக்கிழமை நர்ஸ் வரட்டும். நர்ஸோட டாக்டரும் வரட்டும். என் பிள்ளைங்க மேல ஊசி படாது. சொல்லிட்டேன்!"

மரத்தொட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் மெதுவாகக் கை தட்டினார்கள். சபதத்துக்குத் தட்டினார்களா, சிரட்டை தங்கள் பக்கம் வந்ததற்குத் தட்டினார்களா என்று சொல்ல முடியாது. அத்தனை பேருக்கும் ஒரே சிரட்டைதான். அது வாய் வாயாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே மத்தியான வெயிலில் கடல் அசையாமல் கிடந்தது. தென்னை மரங்கள்கூட அரைத்தூக்கத்தில் நின்றன.

"ஏன்டா வேண்டாங்கற?" என்று கேட்டான் பக்கத்து வீட்டு மோசேசே. "மூளைக்காய்ச்சல் பொல்லாததாம்."

"நம்ம ஊர்க் காத்துக்கு அதெல்லாம் வராது."

"போன மாசம் பக்கத்து ஊர்ல வந்துச்சே?"

"அது பக்கத்து ஊர்க் காத்து!"

இதற்கு மேல் பேச மோசேசேவின் நாக்கும் ஒத்துழைக்கவில்லை. "சரி, அந்தச் சட்டைக் கதையைச் சொல்லு," என்றான்.

ஊருக்கே மனப்பாடமான கதை. ஆனாலும் பெனாயா சொன்னால் தனி ருசி. நாமுவாக்காரர்களுக்குத் தொவுலாலித் தீவுக்காரர்கள் 'தௌவு' முறை. இரண்டு ஊருக்கும் மூதாதை ஒன்று. அதனால் ஒருவரை ஒருவர் வாய்க்கு வந்தபடி கேலி பேசலாம், கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துக்கொள்ளலாம். கேட்டால் இல்லையென்று சொல்லக் கூடாது. முக்கியமாக, கோபப்படக் கூடாது. கோபப்பட்டவன் மானம் கப்பலேறிவிடும். நம் ஊர் மாமன் மச்சான் கேலியெல்லாம் இதற்கு முன்னால் வெறும் தூசு. போன ஈஸ்டருக்குத் தொவுலாலி போன பெனாயா, ஒரு வீட்டுப் பன்றியை ஓட்டிக்கொண்டு வந்தான். போதாக்குறைக்கு அந்த வீட்டுக்காரன் கோயிலுக்குப் போட்டிருந்த புதுச் சட்டையை, ஜபம் முடிவதற்குள் முதுகிலிருந்தே உருவிக்கொண்டு வந்துவிட்டான்.

"அவன் மூஞ்சியைப் பார்க்கணுமே! சிரிச்சுக்கிட்டே அழறான்! தௌவுன்னா தௌவுதான்டா. சட்டம்!" என்று முடித்தான், அதே சட்டையின் காலரைத் தூக்கிவிட்டபடி.

வீட்டுக்குப் போனபோது உனைசி மரவள்ளிக்கிழங்கை வேகவைத்துக் கொண்டிருந்தாள். சபதம் அவனுக்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்திருந்தது.

"லிதியா அப்பா, ஊசி வேண்டாம்னு சொன்னீங்களாமே?"

"ஆமா."

"பக்கத்து ஊர்ல காய்ச்சல் வந்த பையன் காலையில மாங்காய் பொறுக்கிட்டு இருந்தானாம். மத்தியானம் தலை வலிக்குதுன்னு படுத்தானாம். சாயங்காலம் படகுல ஏத்தறப்போ அவங்க அம்மாவையே அடையாளம் தெரியலையாம். திரும்பி வரவே இல்ல. நம்ம செரு வயசுதாங்க." அவள் கரண்டியால் கிழங்கைக் குத்திப் பார்த்தாள். "எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது."

பெனாயா செரு எங்கே என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். ஆனால் ஊர் முன்னால் சொன்ன சொல் ஆயிற்றே. "நான் சொன்னா சொன்னதுதான்," என்றான்.

"சரிங்க," என்றாள் உனைசி.

கல்யாணமான நாளிலிருந்து உனைசி எதிர்த்துப் பேசாமல் சரி என்று சொன்னதேயில்லை. பெனாயா அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். கிழங்கு பதமாக வெந்திருந்ததால் விட்டுவிட்டான்.

அவனிடம் ஒரு திட்டம் இருந்தது. அதை மோசேசேவிடம்கூட மூச்சு விடவில்லை. யங்கோனா போதாதென்று தேங்காய்ப்பாலில் வெந்த மீனும் சேர்ந்துகொள்ள, திட்டத்தை ஒரு தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தபடியே பாயில் சாய்ந்தான். கண் சொருகியது.

கனவில் அவன் கடலுக்கடியில் அதே பாயில் படுத்திருந்தான். வெளிச்சம் பச்சையாக மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. தலைமாட்டில் பெரிய நீலக் கிளிமீன் ஒன்று உட்கார்ந்து அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தது. அவனுக்கு அது விசித்திரமாகவே படவில்லை.

"லிதியா அப்பா," என்றது மீன், "வியாழக்கிழமை எங்க போறதா உத்தேசம்?"

இவ்வளவு மரியாதையாகக் கேட்கிற மீனிடம் எப்படி மறைப்பது?

"மணல்திட்டுக்கு. பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போயிடுவேன்."

"எப்போ திரும்புவீங்க?"

"தண்ணி வத்திட்டா நர்ஸோட படகு பாறையைத் தாண்ட முடியாது. அதனால அவ சீக்கிரமே கிளம்பிடுவா. அப்புறம் வருவோம்."

"ரொம்ப நல்ல யோசனை," என்றது மீன். விசிறி கொஞ்சம் வேகமாக அசைந்தது. "ஊசி மேல அப்படி என்னங்க கோபம்?"

"கோபமெல்லாம் இல்ல." பாசிகள் மெல்ல ஆடின. "லிதியா கைக்குழந்தையா இருந்தப்போ ஊசி போட்டாங்க. நான்தான் கையை இறுக்கிப் பிடிச்சேன். அவ நர்ஸைப் பார்த்து அழல. என்னைப் பார்த்து அழுதா. அந்தப் பார்வை இன்னும் என்னை விட்டுப் போகல. இன்னொரு தடவை என்னால முடியாது."

விசிறி நின்றது. வெதுவெதுப்பாக ஒரு சொட்டு அவன் நெற்றியில் விழுந்தது. மீன் என்றால் ஈரம் இருக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டான்.

"நீங்க பிடிக்க வேண்டாம். வேற யாராவது பிடிச்சுக்கிட்டா?"

"அப்படின்னா சரி."

"சத்தியமா?"

"சத்தியமா."

விழித்தபோது உனைசி சுவரோரமாக உட்கார்ந்து பாய் முடைந்துகொண்டிருந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். ஈரமாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தான். மாற்றுகிறேன், மாற்றுகிறேன் என்று அவன் காலம் கடத்திவந்த தகரக் கூரையின் ஓட்டை வழியே நீலவானம் துளி மேகமில்லாமல் தெரிந்தது.

"கூரை ஒழுகுதா?"

"மழை பெஞ்சா ஒழுகும்," என்றாள் உனைசி, தலையைத் தூக்காமல்.

வியாழக்கிழமை காலை, பிள்ளைகளை மீன்பிடிக்கக் கூட்டிப் போவதாக அவன் ஆரம்பிப்பதற்குள்ளேயே கூடை தயாராக இருந்தது. கிழங்கு, ஈரப்பலா, செருவுக்கு மாற்றுச் சட்டை. ஊர்ச் சிரட்டை அந்த வாரம் அவன் பொறுப்பில் இருந்ததால் அதை அவனே மடியில் செருகிக்கொண்டான்.

"போயிட்டு வாங்க. மீன் காத்துக்கிட்டு இருக்கும்," என்று வழியனுப்பினாள்.

மணல்திட்டு சொர்க்கமாக இருந்தது. லிதியாவுக்கு ஐந்து வயது. நண்டு வளைக்குள் குச்சியை விட்டு அதனுடன் பேசிக்கொண்டிருந்தாள். மூன்று வயது நிரம்பாத செரு, அலை வந்தால் ஓடுவதும் அது திரும்பினால் துரத்துவதுமாக இருந்தான். பெனாயா தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்தான். தண்ணீரின் சலசலப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. கிராமம் தூரத்தில் ஒரு பச்சைக் கோடாகத் தெரிந்தது. நர்ஸ் இந்நேரம் வெறுங்கையோடு வீடு வீடாக அலைந்துகொண்டிருப்பாள் என்று நினைக்க நினைக்க அவனுக்கு இனித்தது.

இயந்திரப் படகின் சத்தம் கனவில் கேட்கிறது என்றுதான் முதலில் நினைத்தான்.

"தௌவு! ஏ பன்னித் திருடா!"

தொப்பியை விலக்கினான். வெள்ளைச் சீருடையில் மலை மாதிரி ஒருத்தி ஐஸ் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், படகில், குடை பிடித்தபடி உனைசி.

"என்ன முழிக்கிற? தொவுலாலி வாசேமதா! நீ சட்டையை உருவினியே, அந்த அப்பாவியோட அக்கா. எங்க ஊர்ல இன்னும் அவனை வெறும் முதுகுன்னுதான் கூப்பிடறாங்க. நல்லா இருக்குதா அந்தச் சட்டை?"

பெனாயா எழுந்து பல்லைக் காட்டினான். சட்டம் அப்படி. "தௌவு! வா, வா! திமிங்கிலம் கரை ஒதுங்கிடுச்சுன்னு பயந்தே போயிட்டேன்."

"ஒதுங்கிடுச்சு இல்ல? அப்போ தீனி போடு. அந்தத் தொப்பியைக் கொடு."

கொடுத்தான்.

"கூடையில என்ன, ஈரப்பலாவா? கொடு. மடியில என்ன புடைச்சுக்கிட்டு? சிரட்டையா! அதையும் கொடு. ஊரே ஒரே சிரட்டையில எச்சில் பண்ணிக் குடிச்சா காய்ச்சல் சும்மா இருக்குமா? இனிமே அவனவனுக்கு ஒரு கோப்பை."

"எடுத்துக்கோ தௌவு, எடுத்துக்கோ." அவனுக்குக் கன்னம் வலித்தது.

வாசேமதா ஐஸ் பெட்டியை மணலில் இறக்கினாள். "இப்போ உன் பிள்ளைங்க ரெண்டு பேரையும் கொடு. கொஞ்ச நேரத்துக்குத்தான்."

பெனாயாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "தௌவு, வேற எது வேணும்னாலும் கேளு. படகைக் கேளு. வீட்டைக் கேளு."

"ஓட்டைக் கூரை வீடு எனக்கெதுக்கு? பிள்ளைங்களைக் கொடு. என்ன, கோபமா?"

"சே சே! கோபமா? எனக்கா?"

"அப்போ சிரி."

சிரித்தான். அழுதுகொண்டே சிரிப்பது எப்படியென்று அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது.

உனைசி பக்கத்தில் வந்து அவன் தோளைத் தொட்டாள். "நீங்க அந்தப் பக்கமாப் போய்க் கடலைப் பார்த்துக்கிட்டு நில்லுங்க. நான் பிடிச்சுக்கறேன். என்னைப் பார்த்து அழட்டும். பரவாயில்ல."

அவனுக்கு எங்கேயோ கேட்ட பேச்சாக இருந்தது. யோசிக்க நேரமில்லை. திட்டின் மறுகோடிக்குப் போய்க் காதைப் பொத்திக்கொண்டு நின்றான். பொத்தியும் கேட்டது. முதலில் செரு, அப்புறம் லிதியா. அடுத்த நிமிடம் மணலில் தடதடவென்று காலடிச் சத்தம்.

"அப்பா! அம்மா என்னைப் பிடிச்சுக்கிட்டா! விடவே இல்ல!"

லிதியா கண்ணீரும் மூக்குமாக வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். பின்னாலேயே செருவும் வந்தான். இரண்டு பேரையும் வாரித் தூக்கிக்கொண்டான். அவர்கள் அழுகை அவன் கழுத்தில் சூடாக இறங்கியது. இந்தத் தடவை அவர்கள் அழுதுகொண்டு ஓடி வந்தது அவனிடம். இவ்வளவு நிம்மதியை அவன் சமீபத்தில் அனுபவித்ததில்லை. தூரத்தில் உனைசி இடுப்புத் துணியின் ஓரத்தை முந்தானை மாதிரி எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

போகும்போது வாசேமதா அவனுடைய சட்டையையும் கழற்றி வாங்கிக்கொண்டாள்.

பிள்ளைகளுக்கு லேசாகக் கை வலித்தது, அவ்வளவுதான். மறுநாள் பழையபடி ஆட்டம் போட்டார்கள். யங்கோனாக் கூட்டத்தில் ஆண்கள் அவரவர் கோப்பையோடு உட்கார்ந்தார்கள். பெனாயாவுக்கு வாய்த்தது லிதியாவின் வாத்துப் படம் போட்ட பிளாஸ்டிக் கோப்பை. வாத்தோடு சபதம் செய்ய முடியவில்லை. சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டான்.

"உனைசி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. எத்தனையோ நர்ஸ் இருக்கறப்போ தொவுலாலிக்காரி எப்படி வந்தா?"

"நான்தான் ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி அவளை அனுப்பச் சொன்னேன்."

"அது போகட்டும். நாங்க மணல்திட்டுல இருக்கறது எப்படித் தெரிஞ்சுது? நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலையே! ஒரே ஒரு…"

பச்சை வெளிச்சம், விசிறி, நெற்றியில் விழுந்த அந்த வெதுவெதுப்பான சொட்டு எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. உனைசி ஒன்றும் தெரியாதவள் போல விசிறியை எடுத்தாள். பாயை விரித்து, தலையணையைத் தட்டிப் போட்டாள்.

"படுங்க, லிதியா அப்பா," என்றாள். "கூரைத் தகரம் எப்போ மாத்தறதா உத்தேசம்னு மீன் கேக்கணுமாம்."