கிரைண்டருக்குத் திருமஞ்சனம்

இரண்டு நாட்டுச் சட்டங்களை ஒரே சமயத்தில் தலையில் சுமக்கிறவன் ஏதாவது ஒரு நாட்டில் அசடு வழிந்தே தீருவான். எனக்கு அந்தப் பாக்கியம் சொந்த மாவட்டத்திலேயே கிடைத்தது.

அப்போது சட்டப் படிப்பை முடித்து, புதுக் கறுப்புக் கோட்டோடு, இங்கிலாந்தில் வக்கீலாவதற்கான தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். (ஆழ்வார்திருநகரி வெயிலில் லண்டன் சட்டம் படிக்கத் தனி மூளை வேண்டும். அது எனக்கு இருப்பதாக நான் மட்டும் நம்பினேன்.) பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா ஒரு நிபந்தனை போட்டார்.

"அத்தையோட கிரைண்டர் கேஸை ஜெயிச்சுக் காட்டு. அப்புறம் லண்டனைப் பத்திப் பேசலாம்."

அத்தை ஏரலில் ஒரு கடையில் புதுக் கிரைண்டர் வாங்கியிருந்தாள். முதல் தடவை சுவிட்சைப் போட்டதும் டப்பென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, அவ்வளவுதான். கடைக்கார அண்ணாச்சி மாற்றித் தர மறுத்துவிட்டார். நான் தூத்துக்குடியில் நுகர்வோர் ஆணையத்தில் புகார் போட்டேன். பில் இருந்தது, வாரண்டி அட்டை இருந்தது. சும்மா போய் நின்றாலே ஜெயிக்கிற கேஸ்.

நான் சும்மா நிற்கவில்லை. விசாரணைக்கு முந்தின நாள் படித்த பாடத்தில், வழக்காடுகிறவர் தனக்குப் பாதகமான ஆதாரத்தையும் எதிராளிக்குக் காட்டியாக வேண்டும் என்று இருந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. என்ன நேர்மை, என்ன நாகரிகம்! கூடவே, அப்படி ஓர் ஆதாரம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவிலேயே கிடப்பதும் ஞாபகம் வந்தது.

மறுநாள் ஆணையத் தலைவர் முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "அம்மா, எங்கள் தரப்புக்குப் பாதகமான வீடியோ ஒன்று இருக்கிறது. அதைச் சமர்ப்பிப்பது என் கடமை." (இங்கே யாரும் அதைக் கேட்கவில்லை என்பதைத் தயவுசெய்து கவனிக்கவும்.)

போனை நீட்டினேன். அதில் அத்தை மடிசார் கட்டிக்கொண்டு, கிணற்றடியில் புதுக் கிரைண்டரை உட்காரவைத்து, மோட்டாரோடு சேர்த்துக் குடம் குடமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். "கடையில எத்தனை பேர் கை பட்டுதோ! நன்னா முழுகட்டும், அப்பதான் மடி" என்று குரல் வேறு. கடைசியில் துடைத்து, சந்தனப் பொட்டும் வைத்தாள்.

தலைவர் அம்மா கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். தோள் மட்டும் குலுங்கியது.

அண்ணாச்சி எழுந்து கும்பிட்டார். "நான் பேசதுக்கு ஒண்ணும் இல்லம்மா. இந்தத் தம்பியே பேசிட்டாவ."

"அடப்பாவி," என்று அத்தை என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "நீ யாருக்குடா வக்கீல்?"

புகார் தள்ளுபடி. வெளியே வந்ததும் அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லாருப்பிய தம்பி. இனி எம்மேல யாரு கேஸ் போட்டாலும், அவுகளுக்கு நீங்களே வக்கீலா வந்துருங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஜெயித்துவிடுவோம் என்று காலையிலேயே வாங்கிய மக்ரூனை பஸ்ஸில் ஒருவனாகத் தின்றேன். (முட்டை சேர்த்தது, அத்தை தொடமாட்டாள். அன்று என்னையே தொடவில்லை.) ஆறுதலுக்குப் புத்தகத்தைப் பிரித்தால், அடுத்த பக்கத்தில் இருந்தது: இந்த விதி சிறு வழக்குகளுக்குப் பொருந்தாது, அவரவர் நம்பியிருக்கும் ஆதாரத்தைக் கொடுத்தால் போதும். அதாவது, லண்டனிலேயே இருந்திருந்தாலும் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

வீட்டில் அத்தை எல்லாவற்றையும் ஒப்பித்தாள். லண்டன் போச்சு என்று தலையைக் குனிந்து நின்றேன். அப்பா சொன்னார்.

"பரீட்சையை எழுதிடு, வாசு. உன்னை இங்கயே வக்கீலா வச்சுண்டா ஊர்ல ஒருத்தருக்கும் சாமான் மிஞ்சாது."

எழுதினேன், தேறினேன், போனேன். கிரைண்டருக்கு அண்ணாச்சியே புது மோட்டார் போட்டுக் கொடுத்துவிட்டார், இனிக் குளிப்பாட்டுவதில்லை என்ற வாக்குறுதியின் பேரில்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டால், பாதிப் பேச்சில் அத்தை போனைக் கவிழ்த்துவிடுகிறாள். சலசலவென்று தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்கிறது.

"என்ன அத்தை பண்றே?"

"உனக்கெதுக்குடா? பாத்தா அண்ணாச்சிகிட்ட சொல்லிடுவே."