கைடின் கையெழுத்து

"நீயே எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்" என்றார் பேராசிரியர் அற்புதசாமி, செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

ரெஜிஸுக்கு இது புதிதில்லை. திருச்சிக் கல்லூரியில் இயற்பியல் பி.எச்.டி. பண்ணிய ஆறு வருஷத்தில் கைடான அவர் பெயரில் அவன் எழுதிய கடிதங்களே ஒரு ஃபைல் நிறையும். இந்த முறை தனக்காக. ஜெர்மனியில் இரண்டு வருஷ ஆராய்ச்சி வேலை. கைடின் சிபாரிசுக் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். அவன் வயதுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

கூச்சப்பட்டு, 'சுமாரான மாணவன், ஆனால் உழைப்பாளி' என்று எழுதினான்.

"என் ஸ்டூடண்ட் சுமாரா? என் மானம் என்னப்பா ஆகுறது?" என்றார் சார். "திருத்திடு. அதுக்கு முன்னாடி மண்ணச்சநல்லூர் போயி ஒரு சிப்பம் அரிசி வாங்கி ஸ்ரீரங்கத்துல நம்ம வீட்டுல போட்டுட்டு வந்துடு."

அரிசியைப் போட்டுவிட்டு வந்து, 'இருபது வருஷத்தில் இப்படியொரு மாணவனை நான் கண்டதில்லை' என்று திருத்தி அனுப்பினான்.

மறுநாளே சாருக்கு ஜெர்மன் பேராசிரியரின் பதில் வந்தது. குறையே இல்லாத மாணவனை நம்பக் கடினமாக இருக்கிறது. அவருடைய குறைகள் எவை, அவற்றை நீங்கள் எப்படித் திருத்தினீர்கள் என்று எழுதவும்.

சார் அதையும் ரெஜிஸுக்கே தள்ளிவிட்டார்.

ஜெர்மனியில் பி.எச்.டி. முடித்த பழைய வகுப்புத் தோழன் அரவிந்தனுக்குப் போன் போட்டான்.

"இங்க கைடேதான்டா உக்காந்து எழுதுவாரு. நான் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். மூணு வருஷத்துல முடிச்சு அனுப்பிட்டாரு. சரி, உங்க சார் உன் தீசிஸைப் படிச்சாரா இல்லியா?"

"அட்டையைப் படிச்சாரு. அவர் பேர்ல ஒரு இனிஷியல் விட்டுப்போச்சுன்னாரு."

"அப்புறம் எப்படித் திருத்தினாருன்னு என்னத்தடா எழுதுவே?"

"அவர் எப்படி இருந்திருக்கணுமோ, அதை."

அப்படியே எழுதினான். அவசரக்காரன், கேள்வி கேட்கப் பயப்படுபவன், சோதனை தோற்றால் சோறு இறங்காமல் முடங்கிவிடுபவன் என்று தன் குறை ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு அற்புதசாமியை உருவாக்கினான். திங்கள்தோறும் பக்கத்தில் உட்கார்ந்து சமன்பாடு சமன்பாடாகத் திருத்தியவர். 'தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்படாதே' என்று தேற்றியவர். எழுதி முடித்தபோது அந்த மனிதரிடம் படிக்க அவனுக்கே ஆசையாக இருந்தது.

சார் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை காலையில் கடிதம் போய்விட்டது.

பத்து நாள் கழித்து, ரெஜிஸ் பொன்மலை வீட்டிலிருந்து கிளம்பும்போதே துறை கிளார்க் லூர்துராணியின் போன் வந்தது. கல்லூரிக்கு ஓடினான். அவர் மேஜையில் மைசூர்பாகு டப்பா திறந்திருந்தது.

"எடுத்துக்குங்க தம்பி. ஜெர்மனியிலேருந்து மெயில் வந்திருக்கு."

ரெஜிஸ் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். கண் கலங்கியது. "கிடைச்சிருச்சாக்கா?"

"உங்களுக்கு இல்ல தம்பி, குறை ஜாஸ்தியாம், மாணவனுக்கு எப்படி வழிகாட்டணும்னு அங்க இருக்கிற கைடுங்களுக்கெல்லாம் சொல்லித்தர நம்ம சாரை ரெண்டு வருஷத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க, சம்மதக் கடிதத்தை நீங்களே எழுதிக் கொண்டாரணுமாம்."