கோட்டுக் கையில் ஏறிய கிரேக்கக் கவிதை

அண்ணன் பெற்ற அறிவாளிக்கு, அத்தை ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் தையல் மிஷினும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய். கடைசி வரி வரைக்கும் அப்படியே இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. நீ மறந்து வைத்துவிட்டுப் போன ஆராய்ச்சிக் காகிதங்களை வெட்டிவிட்டேன். திட்டாதே, கேள். பக்கத்துக்கு நாலு வார்த்தைதான் இருந்தது. "கதவு" என்று ஒன்று, அப்புறம் ஒரு சாண் நீளத்துக்குப் புள்ளி, "ஆனால் நீ", மறுபடியும் புள்ளி. ஓரத்தில் சிவப்புப் பேனாவில் கோழிக் கிறுக்கல். பிரிண்டர் கெட்டுப்போய் நீ கழித்த காகிதம், அதில் யாரோ பேனா எழுதுகிறதா என்று பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்து, பல் டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டுக்கு, துணியில் கத்திரி வைக்கும் முன் அளவு பார்க்கிற பேப்பர் கட்டிங் போட்டுவிட்டேன். கனமான காகிதம், பின்பக்கம் பளிச்சென்று வெள்ளை, யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? அளவு பார்க்க வந்த டாக்டரம்மாவின் தோளில் வைத்துக் குண்டூசி குத்தினேன்.

"என்னக்கா, என் கையில 'ஏங்கி'ன்னு எழுதியிருக்கு?"

"அளவா இருக்கும், ஆடாம நில்லுங்க."

"அளவுல யாருக்கா ஏங்குவாங்க?"

அந்த நேரம் பார்த்து உன் போன். "அத்தே, அந்தக் கட்டு பத்திரமா இருக்கா? டீச்சர் கைப்படத் திருத்துனது. வெள்ளிக்கிழமை குடுக்கலேன்னா ஒரு வருஷம் போச்சு" என்று அழுதாய். அந்தக் காலத்துக் கிரேக்கப் பெண்கள் எழுதின கவிதையில் மிஞ்சினதே நீ தமிழாக்கின அந்த நாலு வார்த்தைதான், புள்ளியெல்லாம் அழிந்துபோன இடம், எகிப்தில் பழைய காகிதம் என்று கிழித்துப் பிணத்தைச் சுற்றினார்களே, சிலது அதிலிருந்துதான் கிடைத்தது என்றும் சொன்னாய். நான் உயிரோடு இருக்கிற ஆளுக்குத்தானேடி வெட்டினேன்!

"பத்திரமா இருக்கு, தபால்ல வரும்" என்றேன். நேற்று முழுக்க உட்கார்ந்து, கழுத்து, கை, முதுகு எல்லாவற்றையும் ஒட்டவைத்து வெள்ளை நூலில் தையல் ஓட்டினேன். நாற்பதில் முப்பத்தொன்பது தேறிவிட்டது. பன்னிரண்டாம் பக்கம் மட்டும் இல்லை. மேசையடி, துணிமூட்டை, டாக்டரம்மாவின் கைப்பை எல்லாம் பார்த்தாயிற்று. கேட்டால், அதையும் பிணத்துக்குச் சுற்றிவிட்டார்கள் என்று சொல்லிவிடு. அந்தக் கோழிக் கிறுக்கல் மகராசிக்கு என்ன தெரியப்போகிறது?

நீ பெரிய படிப்பு முடித்து, உன் கோட்டையும் நானே தைக்கும்படி நூறு வருஷம் நன்றாக இரு.

அன்புடன்,
அத்தை

பின்குறிப்பு: பன்னிரண்டாம் பக்கம் கிடைத்துவிட்டது. இந்தக் கடிதத்தைத் திருப்பிப் பார். கிழிக்காமல் அப்படியே டீச்சரிடம் கொடுத்துவிடு.