ராசாங்கத்துக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள்

கதை சொன்னால் கூட்டம் கவனிக்கும் என்கிறார்களே, அது பாதிப் பொய். கூட்டம் கதையைத்தான் கவனிக்கும். நீங்கள் விற்க வந்த சரக்கை எவன் கவனிக்கிறான்?

இரண்டாயிரத்து மூன்றில், சொட்டுநீர்க் குழாய் விற்கும் கம்பெனி ஒன்றில் தற்காலிகமாக ஒட்டிக்கொண்டிருந்தேன். சின்னமனூர் கல்யாண மண்டபத்தில் திராட்சை விவசாயிகள் கூட்டம். அதில் நான் பேசுவதைப் பார்த்துத்தான் வேலையை நிரந்தரமாக்குவேன் என்றிருந்தார் மேனேஜர். சென்னையிலிருந்து வந்து பயிற்சி கொடுத்த புண்ணியவான், "குழாயைப் பற்றிப் பேசாதீர்கள். ஒரு மனிதனைப் பற்றிப் பேசுங்கள். பேர் வையுங்கள், கஷ்டம் கொடுங்கள். அவன் கண்ணெதிரே நடமாட வேண்டும்" என்று ஓதிவிட்டுப் போயிருந்தார்.

நானும் ராசாங்கம் என்று ஒருவனை உண்டாக்கினேன். அப்பா இல்லாத பையன். காய்ந்துபோன திராட்சைப் பந்தல். இரண்டு தங்கைகளைக் கரையேற்றும் பொறுப்பு. குடிப்பழக்கம் கிடையாது. (இதை எதற்குச் சேர்த்தேன்? இன்றுவரை விளங்கவில்லை.) சொட்டுநீர் போட்டான், பந்தல் கொழித்தது, தங்கைகளுக்குக் கல்யாணம் முடித்தான். மண்டபமே மூச்சுவிடாமல் கேட்டது. மேனேஜரைப் பெருமையாகப் பார்த்தபடி, "சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்றேன்.

முன்வரிசையில் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் எழுந்தார்.

"தம்பி, அந்தப் பையனுக்குப் பொண்ணு பாக்குறாகளா?"

"ஐயா, குழாயப் பத்தி ஏதாச்சும்..."

"குழா கெடக்கட்டும். எந்த ஊரு, யாரு மகன்?"

மேகமலை அடிவாரம் என்று உளறினேன்.

"அடிவாரத்துல எங்கன? அங்கன எங்க சொந்தக்காரவுக இருக்காக, விசாரிச்சிருவோம்" என்றார் பின்வரிசைக்காரர் ஒருவர்.

"நான்ல மொதல்ல கேட்டது" என்று வெள்ளைச் சட்டை திரும்பி முறைத்தார்.

சாப்பாட்டுப் பந்தியிலும் இதே தகராறு. குழாயை ஒருவர்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. "நீ கல்யாண புரோக்கராப் போயிருக்கலாம்" என்று சொல்லி, மேனேஜர் அன்று மாலையே என்னை வீட்டுக்கு அனுப்பினார். கதை சொல்லச் சொன்ன புண்ணியவானுக்குச் சால்வை போர்த்தி அனுப்பியதும் இதே ஆள்தான். இது எந்த ஊர் நியாயம்?

வெள்ளைச் சட்டை விடவில்லை. அல்லிநகரத்தில் என் வீட்டையே தேடிக் கண்டுபிடித்து வந்துவிட்டார். வயிற்றெரிச்சலில் போட்டு உடைத்தேன்: "ராசாங்கம்னு யாருமே கெடையாதுய்யா. நானாச் சொன்னது."

மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் அம்மா பக்கம் திரும்பி, "தம்பிக்காச்சும் பொண்ணு பாக்குறீகளா?" என்றார்.

"வேல போயிருச்சேண்ணே" என்றாள் அம்மா.

"தங்கச்சிகளக் கரையேத்தணும்னு நெனைக்கத் தெரிஞ்ச புள்ள. வேலையா கெடைக்காது?"

அவர்தான் என் மாமனார். வேறு வேலையும் கிடைத்தது, பிள்ளைகளும் பிறந்தார்கள். ஆனால் நான் வாங்கிவந்த கத்தரிக்காயில் ஒரு சொத்தை இருந்துவிட்டால் போதும், "ராசாங்கமா இருந்தாப் பாத்து வாங்கியிருப்பாக" என்கிறாள் மனைவி. வீடே சிரிக்கிறது. இல்லாத ஒருத்தனிடம் போய் நான் எப்படிச் சண்டை போடுவது?