முன்கூட்டியே ஒரு கண்ணீர் அஞ்சலி

“இனி ஒரு போஸ்டர் லேட்டாச்சுன்னா கடைச் சாவி என் தம்பி கைக்குப் போயிரும். சொல்லிட்டேன்” என்றாள் சுதாராணி.

செல்லத்துரை கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திரையில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் அதைப் பார்ப்பது மனைவியின் முகத்தைப் பார்ப்பதைவிடப் பாதுகாப்பாக இருந்தது.

“என்னங்க, காது கேக்குதா?”

“கேக்கு, கேக்கு. நாளையிலேருந்து பாரு.”

“அந்த நாளைதான் நம்ம குடியைக் கெடுக்குது!”

அவள் சொன்னதில் தப்பில்லை. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டை ஒட்டி மாமனார் வைத்துக் கொடுத்த பிளக்ஸ், போஸ்டர் கடை அது. காதுகுத்துக்குக் கேட்ட பிளக்ஸ், பிள்ளையின் காதில் புண் ஆறிய பிறகு போனது. கல்யாண வரவேற்பு போர்டு போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நேற்று அதற்கும் மேலே. ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர், சுடுகாட்டுக்குப் போனவர்கள் குளித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்த நேரத்தில் போய் இறங்கியிருக்கிறது. அந்த வீட்டுப் பெண்கள் அழுவதை நிறுத்திவிட்டுத் திட்டத் தொடங்கினார்களாம்.

நாற்பத்து மூன்று வயதில் மச்சினனுக்குக் கீழே ஸ்டூலில் உட்காருவதா? அவன் ‘அத்தான், டீ வாங்கிட்டு வாங்க’ என்பான்.

சுதாராணி போனதும் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தான். கோட்டு போட்ட ஒருவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். “நாளைக்குச் செய்ய வேண்டியதை இன்றைக்கே முடியுங்கள். உங்கள் வாழ்க்கையே மாறிவிடும்!”

மாற்றிக் காட்டுகிறேன் என்று செல்லத்துரை முடிவு செய்தபோதுதான் போன் அடித்தது. பேசியது சௌந்தரபாண்டியன். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி பத்திரகாளியின் மூத்த மகன்.

“செல்லத்துரை, அப்பாவை மதுரை ஆஸ்பத்திரில சேத்திருக்கு, தெரியும்லா? டாக்டர் கையை விரிச்சிட்டாரு. நாளைக்குள்ள ஆயிரும்.”

“ஐயையோ!”

“நீ லேட்டு பண்ணுத ஆளு. அதான் முன்கூட்டியே சொல்லுதேன். போஸ்டரை அடிச்சு ரெடியா வை. போட்டோ அனுப்புதேன். கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருக்கும், பரவாயில்லையா?”

“வருத்தமா மாத்திருவோம் அண்ணாச்சி.”

தன் வாழ்நாளில் முதல்முறையாக, ஒரு வேலை வந்த உடனே செல்லத்துரை அதைச் செய்தான். டீ குடிக்கப் போகவில்லை. பத்திரகாளியின் உதட்டைக் கொஞ்சம் கீழே இறக்கினான். ‘தோற்றம்’ என்று போட்டுப் பிறந்த தேதியை எழுதினான். ‘மறைவு’ என்ற இடத்தில் கை நின்றது. காலியாக விட்டால் நாளைக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கும். மிச்சம் வைக்கக் கூடாது என்றல்லவா கோட்டுக்காரர் சொன்னார்? நாளைய தேதியையே போட்டு அடித்தான்.

சாயங்காலம், போஸ்டர் ஒட்டும் பையன் கடற்கரையைக் கூப்பிட்டுப் போஸ்டர் கட்டைக் கையில் கொடுத்தான்.

“ஏலே, ரெடியா இரி. இந்தத் தடவை ஒரு நிமிஷம் பிந்தக் கூடாது.”

“பிந்தாது அண்ணாச்சி” என்றான் கடற்கரை. நேற்று அந்தப் பெண்கள் திட்டியதில் பாதி அவனுக்கும் விழுந்திருந்தது.

காலையில் செல்லத்துரை கடை திறக்க வந்தபோது பஸ் ஸ்டாண்டுச் சுவரில் பத்திரகாளி இருந்தார். தண்ணீர்த் தொட்டியில் இருந்தார். டிரான்ஸ்பார்மர் மேடையிலும் இருந்தார். எல்லா இடத்திலும் உதட்டைக் கீழே இறக்கிக்கொண்டு ஊரைப் பார்த்தார்.

‘ஆயிருச்சு போலிருக்கு’ என்று நினைத்தான். மனசு கனத்தது. கூடவே, சரியான நேரத்தில் வேலை முடிந்துவிட்டது என்ற ஒரு சின்னச் சந்தோஷமும் வந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு வெட்கப்பட்டுக்கொண்டே ஷட்டரைத் தூக்கினான்.

பசுவந்தனைப் பக்கமிருந்து தீப்பெட்டி ஆபீஸுக்குப் பெண்களை ஏற்றிவரும் வேன், வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. போஸ்டரைப் பார்த்து ஆபீஸுக்கு இன்று லீவு விட்டுவிட்டார்கள்.

“நல்ல மனுசன், பாவம்” என்றாள் வேனுக்குள் ஒருத்தி.

“லீவு கேட்டா முறைப்பாரு. இப்ப அவரே குடுத்துட்டாரு” என்றாள் இன்னொருத்தி.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

“ஏலே செல்லத்துரை! என்னலே பண்ணி வச்சிருக்க?” சௌந்தரபாண்டியன் கத்தினார். “அப்பாவைக் கூட்டிட்டு வாராவளாம்! மதுரையைத் தாண்டியாச்சாம்!”

“ஆம்புலன்ஸ்லயா அண்ணாச்சி?”

“கார்ல! முன் சீட்ல!”

செல்லத்துரை போனை மறு காதுக்கு மாற்றினான். “முன் சீட்லன்னா... எப்படி...”

“உசுரோடலே! வழியில வண்டியை நிப்பாட்டிப் பதநீர் குடிச்சாவளாம்!”

செல்லத்துரை கடற்கரையைத் தேடிப் பிடித்தபோது, அவன் டீக்கடை பெஞ்சில் பசை காய்ந்த கையோடு உட்கார்ந்திருந்தான்.

“உன்னை யாருலே ஒட்டச் சொன்னது?”

“ரெடியா இருன்னு சொன்னிய. பசையைக் காய்ச்சி ரெடியா இருந்தேன். மைதா பசை காலையில புளிச்சிரும் அண்ணாச்சி. புளிச்சா ஒட்டாது. உங்களுக்குத்தான் மறுபடி கெட்ட பேரு. அதான் ராத்திரியே ஒட்டிட்டேன்.”

“அவரு சாகலைலே!”

கடற்கரை கையிலிருந்த பசையைச் சுரண்டினான். “தேதி போட்டிருந்துச்சே” என்றான்.

இருவரும் சுவர் சுவராக ஓடிக் கிழித்தார்கள். கடற்கரையின் பசை லேசுப்பட்டதல்ல. கிழித்த இடத்தில் பாதிதான் வந்தது. ஒரு சுவரில் பத்திரகாளிக்கு மூக்குக்கு மேல் இல்லை. இன்னொன்றில் ஒற்றைக் கண்ணும் மாலையும் மட்டும் இருந்தன. முழுப் போஸ்டரைப் பார்த்து நடையைக் கட்டியவர்கள், கிழிந்த போஸ்டரைப் பார்த்து நின்றுவிட்டார்கள்.

“யாருய்யா இது, செத்தவர் மூஞ்சியைக் கிழிக்கது? சொத்துத் தகராறா?”

செல்லத்துரை கடைக்கு ஓடினான். ‘விரைவில் நலம் பெற வேண்டுகிறோம்’ என்று நீளத் துண்டுகளாக அடித்தான். கிழிக்காத போஸ்டர்களில் ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற தலைப்பின் மேல் அதை ஒட்டச் சொன்னான். தலைப்பு மறைந்தது. கீழே இருந்தது மறையவில்லை. இப்போது போஸ்டரில் இப்படி இருந்தது: ‘விரைவில் நலம் பெற வேண்டுகிறோம். அன்னாரின் ஆன்மா சாந்தியடையப் பிரார்த்திக்கும் குடும்பத்தார்.’

வெயிலில் சில துண்டுகள் வழுக்கிக் கீழே இறங்கி, பத்திரகாளியின் வாயைக் கட்டின.

கடைசியாக ஒரு வழி தோன்றியது. காரை வேறு பாதையில் வரவைத்துவிட்டால்? டிரைவர் கொம்பையாவின் நம்பரைச் சௌந்தரபாண்டியனிடம் வாங்கிப் பேசினான்.

“கொம்பையாண்ணே, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கு. பழைய பஞ்சு மில்லுப் பின்னால சுத்தி வாங்க.”

“சரிப்பா” என்று போனை வைத்தார் கொம்பையா.

பக்கத்தில் நின்ற கடற்கரையின் முகம் மாறியது.

“மில்லுப் பின்னாலயா அண்ணாச்சி? அந்தச் சுவர்ல ‘விளம்பரம் செய்யாதீர்’னு எழுதாம விட்டிருந்தாவ. நல்ல நீளச் சுவரு. வரிசையா ஒட்டியிருக்கேன், சினிமா போஸ்டர் கணக்கா.”

சற்று நேரத்தில் கடை வாசலில் கார் வந்து நின்றது. கொம்பையாவின் தோளைப் பிடித்துக்கொண்டு பத்திரகாளி மெல்ல இறங்கினார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். கையில், சுவரின் காரையோடு சேர்த்து உரித்தெடுத்த ஒரு முழுப் போஸ்டர் இருந்தது. அதன் அடியில் கடையின் பெயர் இருந்தது. அதற்குள் கடை முன்னால் கூடிவிட்ட கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. ஒருவர் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றினார்.

செய்தி கேட்டு வந்த சுதாராணி ஏற்கெனவே கடைக்குள் நின்றிருந்தாள். செல்லத்துரையின் முன்னால் கையை நீட்டினாள். செல்லத்துரை சாவிக் கொத்தை அந்தக் கையில் வைத்தான். கடை போய்விட்டது. ஸ்டூலும் மச்சினனின் டீயும் கண்ணுக்குள் வந்து நின்றன.

பத்திரகாளி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, போஸ்டரை மடியில் விரித்தார்.

“இன்னைக்குன்னு போட்டிருக்க” என்றார். பிறகு வெளியே வெயிலைப் பார்த்தார். “இன்னும் பொழுது கிடக்கே.”

கூட்டமும் திரும்பி வெயிலைப் பார்த்தது.

“முதலாளி, தப்பு நடந்துபோச்சு...” என்றான் செல்லத்துரை.

அப்போது பைக்கில் வந்து இறங்கினார் சௌந்தரபாண்டியன். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, அப்பாவின் காலடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். பிறகு எழுந்து செல்லத்துரையின் சட்டையைப் பிடித்தார்.

“எங்கப்பா உசுரோட இருக்கையிலேயே சாகடிச்சிட்டியேடா! இந்தக் கடை இனித் திறக்கப்படாது!”

“நீங்கதான அண்ணாச்சி ரெடி பண்ணச் சொன்னிய...”

“ரெடியா வைன்னுதான சொன்னேன்? ஒட்டுன்னா சொன்னேன்? டாக்டர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘மனசைத் தேத்திக்கோங்க’ன்னு சொன்னாரு. பெத்த மகன், எனக்கு எப்படி இருந்திருக்கும்! அந்த ஆத்தாமையில ஒரு வார்த்தை சொன்னேன். அதுக்கு இவன் ஊரெல்லாம் ஒட்டிட்டான்!”

கூட்டம் உச்சுக் கொட்டியது. “பெத்த புள்ள மனசு, பாவம்” என்றார்கள். சுதாராணி சாவிக் கொத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பத்திரகாளி மகனின் கையைத் தடவிக் கொடுத்தார். கண் கலங்கியிருந்தது.

“முதல்ல எனக்கு நினைவே இல்லப்பா. அப்பதான் நீ வந்து நின்னிருக்க. நான் பார்க்கலையே.” மருந்துப் பையைப் பிடித்தபடி நின்ற டிரைவரைத் திரும்பிப் பார்த்தார். “ஏன் கொம்பையா, நீ ராவும் பகலும் கூடவே இருந்தியே. இவனைக் கையைப் பிடிச்சுத் தேத்தினது எந்த டாக்டரு? அந்தக் கண்ணாடி போட்டவரா?”

கொம்பையா ஒன்றும் புரியாமல் முதலாளியைப் பார்த்தார்.

“எந்த டாக்டரும் தேத்தலையே முதலாளி. மூத்தவரு ஆஸ்பத்திரிப் பக்கமே வரலை. ‘நாளைக்கு வாரேன், நாளைக்கு வாரேன்’னு தினமும் போன்லதான சொல்லிட்டிருந்தாவ?”