டக்கு டக்கு கார்

ஒரு காட்டில் ஒரே ஒரு கார் இருந்துச்சு. காட்டுல எதுக்குய்யா காருன்னு கேட்கிறவங்க இப்பவே எழுந்து போயிடலாம், நான் தடுக்கலை. காரோட முதலாளி, டிரைவர், கண்டக்டர் எல்லாமே சடையப்பன்கிற கரடிதான். காலையில மலை மேல இருந்து ஒன்பது வளைவு இறங்கி சிங்கராஜாவோட ஆபீஸுக்கு ஒரு டிரிப். சாயங்காலம் திரும்ப ஏறி வருவான்.

வளைவுல திரும்பினா போதும், முன்சக்கரத்துல இருந்து டக்கு டக்கு டக்குன்னு சத்தம் வரும். ஏத்தத்துல எஞ்சின் தொண்டை கிழியக் கத்தும், கார் மட்டும் நகராது. கருகல் வாசனை காடு பூரா அடிக்கும்.

அந்தக் காட்டுக்கு மெக்கானிக் பேச்சியம்மா. முள்ளம்பன்றி. முதுகு நிறைய முள்ளை வச்சுக்கிட்டு, காருக்கு அடியில மல்லாந்து படுக்கிற தொழிலுக்கு ஏன் வந்தான்னு அவளைத்தான் கேட்கணும். ஆனா கெட்டிக்காரி.

"அண்ணே, எஞ்சின் சுத்துறதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோறது ஆக்ஸில். அதோட முனையில இருக்கிற ஜாயிண்டை ஒரு ரப்பர் மூடியிருக்கும். உங்க கார்ல அது கிழிஞ்சு, கிரீஸெல்லாம் தெறிச்சு, உள்ள மண்ணு போயிடுச்சு. அதான் திரும்புறப்ப டக்கு டக்குங்குது. என்னைக்காவது நட்டநடு வளைவுல கழண்டுக்கும். கிளட்ச் பிளேட்டும் தேஞ்சாச்சு. எஞ்சின் கத்தியும் வண்டி ஏறலை, கருகல் வாசனை வருதுன்னா அதான் அர்த்தம்."

"ஓடுதுல்ல?"

"ஓடுது."

"அப்புறம் என்னம்மா உனக்கு?"

கிளட்ச் தேய்ஞ்சதுக்குக் காரணம் காட்டுக்கே தெரியும். பஞ்சாயத்துத் தலைவர் யானை தினமும் பின்சீட்டுல வருவார். அதை யாரும் வாய்விட்டுச் சொல்றதில்லை.

காடு அந்தக் கோளாறுக்குப் பழகிடுச்சு. ஏழாவது வளைவுல குடியிருந்த ஆமை திருமேனி, முதல் வளைவுல டக்கு டக்கு கேட்டதும் புதரை விட்டு இறங்குவார். கார் ஏழாவதுக்கு வர்றதுக்கும் அவர் பத்தடி நடந்து ரோட்டுக்கு வர்றதுக்கும் சரியா இருக்கும். சாயங்காலம் கருகல் வாசனை வந்ததும் மான்கள் குட்டிகளை விளையாட்டுல இருந்து கூப்பிடும். கடிகாரம் எவனுக்கு வேணும்?

ஒருநாள் சாயங்காலம் எட்டாவது வளைவு ஏத்தத்துல சடையப்பன் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க கார் பின்னாடி போச்சு. பின்சீட்டுல தலைவர் அலறின அலறல்ல மரத்துல இருந்த குருவியெல்லாம் பறந்துடுச்சு. "நாளைக்கே சரி பண்ணு!"ன்னு உத்தரவு போட்டுட்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் பூரா பேச்சியம்மா வேலை பார்த்தா. புது ஆக்ஸில், புது கிளட்ச் பிளேட். அடுத்த நாள் காலையில கார் வெண்ணெய் மாதிரி இறங்குச்சு. ஒரு முனகல் கிடையாது. அவளுக்குப் பெருமை தாங்கலை.

அன்னைக்குத்தான் திருமேனிக்குக் கடைசித் தேதி. வருஷா வருஷம் ஆபீஸுக்கு நேர்ல போய், உயிரோடதான் இருக்கேன்னு படிவம் கொடுக்கணும். கொடுக்கலைன்னா செத்ததா எழுதிடுவாங்க. செத்தவங்க வீட்டை, வீடில்லாதவங்களுக்கு ஒதுக்கிடுவாங்க. ஆமைக்கு வீடுன்னா முதுகுல இருக்கிற ஓடுதானே! பாவம் மனுஷன், குளிச்சு, நெத்தி நிறைய விபூதி பூசி, படிவத்தைக் கழுத்தோரம் ஓட்டுக்குள்ள செருகிக்கிட்டு, ரோடு தெரியாத புதர் மறைவுல காதைத் தீட்டிக்கிட்டு நின்னார். டக்கு டக்கு வரவே இல்லை. கார் வந்துச்சு, போச்சு, அவருக்குத் தெரியாது.

மூணாம் நாள் கடிதாசு வந்துச்சு. 'தாங்கள் இறந்துவிட்டீர்கள். ஆட்சேபணை இருப்பின் ஏழு நாட்களுக்குள் நேரில் வரவும்.'

பஞ்சாயத்து கூடிச்சு. மான்கள் ஒரே கத்தல். "கருகல் வாசனை இல்லாம எங்க பிள்ளைங்க இருட்டுற வரைக்கும் விளையாடுதுங்க!"

தலைவர் தும்பிக்கையைப் பேச்சியம்மா பக்கம் நீட்டினார். "நல்லா இருந்த காரை யார் தொடச் சொன்னது?"

"நீங்கதாங்கய்யா!"

"எதிர்த்துப் பேசாதே. பழையபடி ஆக்கு."

பேச்சியம்மாவுக்கு அழுகையே வந்துடுச்சு. புது ஆக்ஸிலைக் கழட்ட அவளுக்கு மனசு வரலை. ஒரு டப்பாவுல பழைய நட்டு நாலைப் போட்டு முன்சக்கரத்துக்கு மேல தொங்கவிட்டா. வளைவுல கார் சாய்ஞ்சா டக்கு டக்குன்னு அடிக்கும். தேஞ்ச பிளேட்டுல ஒரு துண்டைச் சைலன்சர்ல கட்டினா. சூடானா கருகல் வாசனை.

"இப்பத்தான்யா கார் கார் மாதிரி இருக்கு"ன்னான் சடையப்பன்.

ஏழாம் நாள் காலையில முதல் வளைவுல டக்கு டக்கு கேட்டுச்சு. திருமேனி டாண்ணு வந்து ஏறினார். பேச்சியம்மாவும் கூட வந்தா. "நான் சரி பண்ணித்தானே நீங்க செத்தீங்க பெரியவரே, நானும் வர்றேன்."

ஆபீஸ்ல குமாஸ்தா கொக்கு. பக்கத்துல வீடில்லாத தவளை ஒண்ணு, கையில அளவு டேப்போட நின்னுச்சு. திருமேனியைக் கண்டதும் முதுகை அளந்து, ஜன்னல் எந்தப் பக்கம் வைக்கலாம்னு யோசிக்க ஆரம்பிச்சுடுச்சு.

"உயிரோட இருக்கிறதுக்கு என்ன அடையாளம்?"னு கேட்டுச்சு கொக்கு.

"பேசிக்கிட்டு இருக்கேனேங்க!"

"அதெல்லாம் படிவத்துல இல்லை. சுகர்?"

"இல்லைங்க."

"மூட்டுவலி? இருமல்?"

"இல்லைங்க. நல்லா பசிக்குது, நல்லா தூங்குறேன்."

"இருநூறு வயசுல ஒரு தொந்தரவும் இல்லைன்னா, நாங்க எப்படிய்யா உயிரோட இருக்கீங்கன்னு நம்புறது?" கொக்கு 'காலமானார்' முத்திரையைக் கையில எடுத்துச்சு.

திருமேனிக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "ஐயா, இது முட்டைக்குள்ளயே நான் போட்டுட்டு வந்த ஓடுய்யா..."

பேச்சியம்மா குனிஞ்சு அவர் காதுல சொன்னா: "பெரியவரே, டக்கு டக்கு."

கிழவருக்குச் சட்டுனு புரிஞ்சுடுச்சு. மெதுவா இடது பக்கம் திரும்பினார். "ஐயோ, அம்மா, இடுப்பு! லொக்கு லொக்கு!" வலது பக்கம் திரும்பினார். "லொக்கு லொக்கு!"

கொக்கு முகம் மலர்ந்துடுச்சு. "திரும்புறப்ப மட்டும் வருதா?"

"திரும்புறப்ப மட்டும்தாங்க. ஏத்தத்துல மூச்சும் வாங்குது."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன!" 'உயிருடன் உள்ளார்'னு ஓங்கி ஒரு குத்து. தவளை டேப்பைச் சுருட்டிக்கிட்டு வரிசையோட கடைசிக்குப் போச்சு.

நீதி: நல்ல நிலையில் இருப்பவர்கள் திருப்பங்களில் கொஞ்சம் முனகிக்கொள்ளவும், இல்லையென்றால் உங்கள் முதுகை அளக்க ஆள் வந்துவிடும்.